தாம்பரம் தாண்டிக் குடிபோகிறீர்களா? கடைசி இரண்டு கிலோமீட்டரை முதலில் அளந்து பாருங்கள்

"ஸ்டேஷனில் இருந்து பத்தே நிமிடம்." எந்த மனை விளம்பரத்தை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். கூடுவாஞ்சேரி ஆனாலும் திருநின்றவூர் ஆனாலும் பொன்னேரி ஆனாலும் அந்தப் பத்து மட்டும் மாறாது. யார், எந்த வண்டியில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போய் அளந்தார்கள் என்று எழுதியிருக்காது. நாங்கள் சென்னை மேற்கு மாம்பலத்தை விட்டு கூடுவாஞ்சேரிப் பக்கம் வந்தது 2016 ஆவணியில். வீடு பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புரோக்கர் பைக்கில் பின்னால் உட்கார வைத்து ஸ்டேஷனில் இருந்து எட்டு நிமிடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார், நானும் வாட்சைப் பார்த்து 'அட, பத்துகூட இல்லையே' என்று மகிழ்ந்துபோனேன். குடிவந்த முதல் திங்கட்கிழமை ராத்திரி அதே தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ரயிலை விட்டு இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறி இறங்கி, ஸ்டாண்டில் நாலு வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த வண்டியை உருவி எடுத்து, கடைத்தெரு நெரிசலைத் தாண்டி, தெருவிளக்கு இல்லாத மண்ரோட்டில் நாய்களுக்குப் பயந்து மெதுவாக ஓட்டி வந்து சேர அவ்வளவு நேரம்.

வெளிப்புறநகரில் குடியேறலாமா என்று என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றித்தான். நகரத்தில் இருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது அப்புறம். ரயில் உங்களை நாற்பது கிலோமீட்டர் கொண்டுவந்து விட்டுவிடும், பெரிய தொந்தரவு இல்லாமல், ரொம்ப மலிவாக. அதற்குப் பிறகு இருக்கிற இரண்டு கிலோமீட்டரில்தான் உங்கள் தண்ணீர், மழை, பிள்ளைகளின் ஸ்கூல், அம்மாவின் மாத்திரை, ராத்திரி பத்து மணி எல்லாம் இருக்கின்றன.

புறநகர் என்று இப்போது எதைச் சொல்வது என்பதே குழப்பம்தான். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தது. ஆவடி 2019-ல், தாம்பரம் 2021-ல் தனித்தனி மாநகராட்சி ஆகிவிட்டன. குரோம்பேட்டைக்காரரிடம் போய் 'நீங்கள் புறநகர்' என்றால் இப்போது கோபித்துக்கொள்வார். ஆகவே நான் சொல்வது அவற்றுக்கும் வெளியே இருப்பதை: தெற்கே வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், மேற்கே பட்டாபிராம் தாண்டித் திருநின்றவூர், திருவள்ளூர், வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, ஓஎம்ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கு அப்பால் கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர். நான் நன்றாக அறிந்தது தெற்குப் பாதை. மற்றவற்றை நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை ஒத்திகை

வீட்டைப் பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போடுங்கள். லீவு போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை, நீங்கள் வழக்கமாகக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்று, அங்கிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் போய், சாயங்காலம் அதே கூட்டத்தில் திரும்பி வாருங்கள். ஷேர் ஆட்டோ எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, நிரம்பினால்தான் எடுப்பேன் என்று எவ்வளவு நேரம் நிற்கிறது, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் வருவதில்லை என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை டிரைவரிடம் கேட்காதீர்கள், ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

அதே ஒத்திகையை வீட்டில் சம்பாதிக்கிற இன்னொருவரும் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டோம். எனக்கு எழும்பூர், ஒரே ரயில். மனைவிக்குக் கிண்டி, அதுவும் அதே ரயில் பாதைதானே என்று நினைத்தேன். ஆனால் நான் திரும்புவது ஏழரை மணிக்கு, அவர் திரும்புவது சில நாள் ஒன்பதரை. ஏழரைக்கு இருந்த கடைத்தெரு ஒன்பதரைக்கு இருக்காது, இருந்த விளக்கும் இருக்காது. முதல் ஆறு மாதம் அந்த நாட்களில் ராத்திரி நான் மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தேன். அதன்பின் அவர் ஸ்கூட்டி வாங்கிவிட்டார். அந்த ஸ்கூட்டியின் விலையை 'குறைந்த வாடகை' கணக்கில் நாங்கள் சேர்த்திருக்கவே இல்லை.

ரயிலைப் பற்றி ஒரு விஷயம். சென்னை கடற்கரை ஸ்டேஷனில் இருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு 60. நிறைய வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். வண்டலூருக்கு அந்தப் பக்கம் போக 'செங்கல்பட்டு வண்டி'தான் வேண்டும், அது எண்ணிக்கையில் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கிற நேரம் மாம்பலத்துக்காரருக்குப் புரியவே புரியாது. ஞாயிற்றுக்கிழமை அட்டவணை இன்னும் மெலிந்திருக்கும். பராமரிப்பு வேலை என்று ரத்து செய்கிற நாளும் பெரும்பாலும் அதுதான். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வருகிற நாட்டில் இது சின்னக் குறை இல்லை. கும்மிடிப்பூண்டிப் பாதையில் வேறு மாதிரி. வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு லோக்கலை ஓரம் கட்டி நிறுத்திவிடுவார்கள். பொன்னேரியில் இருக்கிற என் சித்தி மகன் 'எங்க ஊர் ட்ரெயின்ல எந்த ஸ்டேஷன்ல நிக்கும்னு தெரியும், எத்தனை நேரம் நிக்கும்னுதான் தெரியாது' என்பான்.

ஆனால் ரயில் ஒரு வரப்பிரசாதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது, மாத சீசன் எடுத்தால் இன்னும் சல்லிசு. 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஏசி லோக்கலும் வந்துவிட்டது, காசு பல மடங்கு என்றாலும். கிளம்புகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார இடம் கிடைத்தால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. கீரை ஆய்கிற அம்மாக்கள், கந்த சஷ்டி கவசம் முணுமுணுக்கிற பெரியவர், செல்போனில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் என்று எங்கள் பெட்டியில் எல்லாரும் ஏதோ ஒரு வேலையாகத்தான் வருகிறோம். ஓஎம்ஆரில் இந்த வசதி இல்லை. அங்கே ரயிலே கிடையாது, பஸ்ஸும் சொந்த வண்டியும்தான், மெட்ரோ வேலைக்காகச் சாலையை மறித்ததில் இருந்து அதுவும் ஊர்கிறது. கேளம்பாக்கம், தையூர் பக்கம் வீடு மலிவு என்று யாராவது சொன்னால் உங்கள் ஆபீஸ் சிறுசேரியிலோ நாவலூரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாகப் போகலாம். அண்ணா சாலையில் ஆபீஸ் என்றால் வேண்டாம்.

'வரப்போகுது சார்'

மெட்ரோ வரப்போகுது, பாலம் வரப்போகுது, ஐடி பார்க் வரப்போகுது. வரும், நான் இல்லை என்று சொல்லவில்லை. எப்போது வரும் என்பதில்தான் உங்கள் பையன் எட்டாவது படிக்கிறானா, காலேஜ் முடித்துவிட்டானா என்பது இருக்கிறது. வேளச்சேரியில் இருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டுகிற வேலை 2008 வாக்கில் தொடங்கியது. மொத்தமே 5 கிலோமீட்டர்தான். நிலம் எடுப்பதில் சிக்கல் வந்து 15 வருஷத்துக்கும் மேல் இழுத்தது. அந்த ரயிலை நம்பி ஆதம்பாக்கத்தில் கைக்குழந்தையோடு வீடு வாங்கியவர் வீட்டில் அந்தக் குழந்தை பத்தாவது எழுதிவிட்டது. எங்கள் பக்கமே இன்னொன்று: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது, ஆனால் ரயில் ஸ்டேஷன் கூடவே வரவில்லை. மூட்டை முடிச்சோடு ஊரில் இருந்து வந்து இறங்குகிறவர்கள் கண்ணெதிரே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ஏறினார்கள்.

ஆகவே இன்றைக்கு ஓடுகிற பஸ், இன்றைக்கு எரிகிற விளக்கு, இன்றைக்கு இருக்கிற ஸ்கூல் இவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். வரப்போவதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். வந்தால் லாபம், அவ்வளவுதான்.

பணக் கணக்கு

ஒரு பழைய நோட்டை எடுத்து இரண்டு பக்கம் கோடு போட்டு எழுதுங்கள். இடது பக்கம் வாடகையில் மிச்சமாவது. வலது பக்கம் புதிதாக வரப்போகிற செலவு: சீசன், ஸ்டாண்டு கட்டணம், இரண்டாவது வண்டி, அதன் பெட்ரோல், கேன் தண்ணீர், கோடையில் தண்ணி லாரி, ராத்திரி லேட்டானால் ஆட்டோ, அவசரத்துக்கு ஆன்லைனில் கூப்பிடுகிற டாக்ஸி. இந்த டாக்ஸிக்காரர்கள் எங்கள் பக்கம் என்றாலே 'எங்க சார் டிராப்?' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள், அதனால் சில மாதம் அந்தச் செலவு மிச்சம்! எங்கள் வீட்டில் வாடகையில் மிச்சமானதில் ஏறக்குறைய பாதி வலது பக்கம் போனது. மீதிப் பாதி நிஜமாகவே மிஞ்சியது, அதில்தான் பெண்ணுக்குக் கொஞ்சம் நகை சேர்த்தோம். அதை மறைக்கக் கூடாது.

நேரத்தையும் எழுதுங்கள். முன்பைவிட ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயணம் என்றால், மாதம் 24 வேலை நாளுக்கு 48 மணி நேரம். முழுசாக இரண்டு நாள், ராப்பகலாக. வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தே வேலை என்றால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும், அப்போது புறநகரைப் போலச் சௌகரியம் வேறு இல்லை. கோவிட்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் வந்தவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் வந்தார்கள். அப்புறம் ஆபீஸ் 'அஞ்சு நாளும் வா' என்று சொன்னதும் இரண்டு குடும்பம் காலி செய்துகொண்டு போயிற்று.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் பழைய வழக்கம் பத்து மாத வாடகை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. புறநகரில் வீடு காலியாகக் கிடப்பது அதிகம் என்பதால் பேசினால் குறைப்பார்கள். பேசாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

தண்ணீர்: சித்திரையில் கேளுங்கள், ஐப்பசியில் பாருங்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் கொட்டும், சந்தோஷப்படுவார்கள். அது தை மாதமாக இருக்கும். தை மாதத்தில் எந்த போர்வெல்லில்தான் தண்ணீர் இல்லை? சித்திரை, வைகாசியில் என்ன ஆகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். 'போர் எத்தனை அடி?', 'கடைசியா எப்ப இறக்கினீங்க?', '2019-ல என்ன பண்ணீங்க?' இந்த மூன்று கேள்வி போதும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருஷத்தைத் தாங்கிய போர் என்றால் பெரும்பாலும் நம்பலாம். எங்கள் தெருவில் அந்த வைகாசியில் நாலு வீட்டு போர் காற்றைக் கக்கியது. லாரிக்குச் சொன்னால் எட்டு நாள் கழித்து வந்தது, அதுவும் 12,000 லிட்டர் லாரி தெருமுனை திரும்பாமல் பின்னாலேயே போனது. அதனால் இதையும் பாருங்கள்: உங்கள் தெருவுக்குள் தண்ணி லாரியும் கழிவுநீர் லாரியும் நுழையுமா? பாதாள சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க்தான், அது நிரம்பும், நிரம்பினால் அந்த லாரி வந்தே ஆக வேண்டும்.

தண்ணீரின் தரம் தெருவுக்குத் தெரு மாறும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளைப் படலம் பிடிக்கும்; இரண்டு தெரு தள்ளி என் நண்பர் வீட்டில் காப்பியே போடலாம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீடு பார்க்கப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போங்கள். மீட்டர் இல்லாவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. பாத்ரூம் ஷவரைப் பாருங்கள். ஓட்டைகள் வெள்ளையாக அடைத்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இனி மழை. 2015 நவம்பர், டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் படகு சகிதம் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். அங்கே மட்டும் ஏன்? ஆதனூர், மண்ணிவாக்கம், கூடுவாஞ்சேரி ஏரிகள் நிரம்பி வழிகிற உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். ஆறு அங்கே இன்னும் குழந்தை, கரை குறுகல், சுற்றிலும் மனைகள். தண்ணீர் தன் பழைய வழியில் வந்தது, வழியில் வீடுகள் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பக்கத்தில் மறுபடி தண்ணீர்.

இதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? ஊர்ப்பெயரே பாதி சொல்லிவிடும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரிக்கரைத் தெரு, மதகடித் தெரு என்ற பெயரைப் பார்த்தால் நின்று யோசியுங்கள். நிலம் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டாவிலேயே தெரியும், நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் அங்கேயே பார்க்கலாம். நஞ்சை என்றால் தண்ணீர் நிற்பதற்காகவே நம் தாத்தாக்கள் தேர்ந்தெடுத்து வைத்த நிலம். நெல்லுக்கு நின்ற தண்ணீர் ஹாலுக்கு வராமல் எங்கே போகும்? அப்புறம் தெருவில் நடங்கள். பழைய வீடுகளுக்கு வாசலில் எத்தனை படி என்று எண்ணுங்கள். ஐந்து, ஆறு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் அந்த வீட்டுக்காரர் ஒரு தடவை பட்டிருக்கிறார். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கோடு போட்டதுபோலக் கறை தெரிந்தால் யாரையும் கேட்கவே வேண்டாம். கேட்பதானால் இஸ்திரி வண்டிக்காரரையோ டீக்கடைக்காரரையோ கேளுங்கள், ஹவுஸ் ஓனரைக் கேட்காதீர்கள். 'சின்னதா நின்னுச்சு சார், ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடுச்சு' என்பார். எல்லா ஹவுஸ் ஓனருக்கும் இரண்டு மணி நேரம்தான்.

கரண்ட்டும் இதோடு சேர்ந்ததுதான். நாங்கள் வந்து நாலு மாதத்தில் வர்தா. 2016 டிசம்பர் 12. மரமெல்லாம் சாய்ந்து, கம்பம் ஒடிந்து, நகரத்தில் விளக்கு எரிந்த பிறகும் எங்கள் பக்கம் நாள்கணக்கில் இருட்டு. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் தண்ணீரும் இல்லை. கிணறு இருந்த ஒரே வீட்டு வாசலில் தெருவே குடத்தோடு நின்றது. அந்த ஐந்து நாளில்தான் தெருவில் இருக்கிற எல்லார் பெயரும் எங்களுக்குத் தெரிந்தது. இன்வெர்ட்டரும் பெரிய சம்ப்பும் இங்கே ஆடம்பரம் இல்லை.

வாங்குவதென்றால்

இது தனிக் கட்டுரைக்கான விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனை சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்றதா என்பது முதல் கேள்வி. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் திட்டம் வந்தது. அப்படி வரன்முறை ஆன மனை என்றால் அதற்கான உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள், வாய்வார்த்தை வேண்டாம். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீட்டுக்கு மேல் கட்டுகிற புராஜெக்ட் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள், தாய்ப்பத்திரத்தை ஒரு வக்கீல் படிக்கட்டும். புறநகர் நிலங்கள் பலவும் ஒரு தலைமுறைக்கு முன்னால் கூட்டுக் குடும்பத்து வயல். கையெழுத்துப் போடாத ஒரு அத்தை எங்காவது இருப்பார். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

வேலைக்குப் போகிறவருக்குப் புறநகர் என்பது ராத்திரி தூங்குகிற இடம். பகலெல்லாம் அங்கே இருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். என் அம்மாவுக்கு மாம்பலத்தில் காலை ஆறு மணிக்குக் கோயில், ஏழுக்குக் காய்கறிக் கடையில் பேச்சு, சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் ஏதாவது ஒரு பிரசங்கம். எல்லாம் நடந்து போகிற தூரம். இங்கே வந்ததும் பெரிய வீடு, தனி அறை, கொடுத்தோம் என்று பெருமையாக இருந்தேன். மூன்றாவது மாதம், 'ஏண்டா, இங்க மனுஷாளே நடக்க மாட்டாளா?' என்று கேட்டார். தெருவில் எல்லாரும் வண்டியில் போகிறார்கள், நின்று பேச ஆள் இல்லை. கோயில் ஒன்றரைக் கிலோமீட்டர். வயதானவர்களோடு வருவதானால் கோயிலோ பார்க்கோ நடக்கிற தூரத்தில் இருக்கிற வீடாகப் பாருங்கள், ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை.

ஆஸ்பத்திரிக்கு ராத்திரி ஒரு தடவை வண்டியை ஓட்டிப் பாருங்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே. பக்கத்து கிளினிக் எட்டரைக்கு மூடிவிடும். அதற்கு மேல் எங்கே? எங்கள் பக்கம் பெரிய அரசு மருத்துவமனை என்றால் ஒரு திசையில் குரோம்பேட்டை, இன்னொரு திசையில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி. இருபத்துநான்கு மணி நேரமும் டாக்டர் இருப்பார் என்று போர்டு போட்ட ஒரு சின்ன மருத்துவமனையை நம்பி ஒருநாள் ராத்திரி அம்மாவைக் கொண்டுபோனோம். வாட்ச்மேன் மட்டும் இருபத்துநான்கு மணி நேரமும் இருந்தார்.

பிள்ளைகளை நகரத்து ஸ்கூலிலேயே விட்டுவிட்டு வேனில் அனுப்பலாம் என்ற யோசனை வேண்டாம். ஐந்தரைக்கு எழுப்பி, வேனில் தூங்கவைத்து, ஐந்து மணிக்கு வாடிப்போய்த் திரும்பி வருகிற பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இப்போது ஸ்கூலுக்குப் பஞ்சம் இல்லை, காலேஜும் பொத்தேரி, வண்டலூர் என்று பக்கத்திலேயே இருக்கின்றன. காலேஜ் போகிற பெண்ணோ சம்பாதிக்கிற பெண்ணோ வீட்டில் இருந்தால் பஸ் ரூட்டைப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அந்தப் பேருந்து நிற்கிற ஸ்டாப்பிங் பக்கத்தில் இருந்தால் மாதச் செலவில் நன்றாகவே தெரியும்.

சரி, இவ்வளவு குறை சொல்கிறவன் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்கலாம். மாம்பலத்தில் மொட்டை மாடி என்பது பூட்டிய கதவு, சாவி ஓனரிடம். இங்கே மாடி எங்களுடையது. மாசியில் வடாம் காய்கிறது, ராத்திரி பாய் விரித்தால் காற்று வருகிறது. பகலில் வெயில் நகரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான். கடற்காற்று நுங்கம்பாக்கத்துக்கு வருகிற நேரத்துக்கு இங்கே வருவதில்லை, மீனம்பாக்கத்து வெப்பநிலையே பெரும்பாலும் கூடுதலாகத்தானே பதிவாகிறது, நாங்கள் அதற்கும் உள்ளே. ஆனால் மார்கழியில் சென்னையில் கிடைக்காத குளிர் இங்கே நிஜமாகவே கிடைக்கும். வாசலில் பத்துப் புள்ளிக்கு மேல் வைத்துக் கோலம் போட இடம் இருக்கிறது, முருங்கை மரம் தெருவுக்கே காய் கொடுக்கிறது. வண்டலூர் பூங்காவை ஒட்டிக் குடியிருக்கும் என் சிநேகிதர் விடியற்காலையில் சிங்கம் உறுமுவது கேட்கும் என்று சொல்லிச் சொல்லியே விருந்தாளிகளை வரவழைப்பார். அம்மாவுக்கும் இப்போது எதிர் வீட்டில் ஒரு தோழி கிடைத்துவிட்டார், இரண்டு வருஷம் ஆனது அதற்கு.

இன்னொன்று, தெற்கத்திக்காரர்களுக்கு மட்டுமான லாபம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நகரத்து ஆட்கள் கிளாம்பாக்கம் வந்து சேரவே இரண்டு மணி நேரம் படுகிற பாட்டை நாங்கள் படுவதில்லை, பஸ் எடுக்க அரை மணி முன்னால் வீட்டைப் பூட்டினால் போதும். ஆனால் நீங்கள் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தால், அந்த இரண்டு நாள் ஜிஎஸ்டி சாலையைக் குறுக்கே கடந்து பால் வாங்கக்கூடப் போக முடியாது. முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

எப்போது வருவது? வாங்குகிற எண்ணம் இருந்தாலும் ஒரு வருஷம் அதே பகுதியில் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். வீடு தேட ஆடி மாதம் நல்லது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், காலி வீடுகள் அப்படியே இருக்கும், ஓனரும் இறங்கி வருவார், வாடகையிலும் அட்வான்ஸிலும் பேச இடம் உண்டு. பிள்ளைகளின் ஸ்கூல் ஜூனில் திறந்துவிடும் என்பது ஒரு தடை, அட்மிஷனை மட்டும் முன்னாலேயே போட்டுவிட்டுச் சில வாரம் சமாளிக்க முடியுமானால் பாருங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினால் இரண்டே மாதத்தில் ஐப்பசி மழை வந்துவிடும். தெருவில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது, அந்த ராத்திரி ஷேர் ஆட்டோ வருகிறதா என்பதை உங்கள் வாசல்படியில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். பதினோரு மாத ஒப்பந்தம் முடிய அப்போதும் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கும். இடையில் காலி செய்தால் ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.